கீழ் லயத்துத் தேத்தண்ணியும் என் சீனிக் குறைவும்

இத்தாலியில் இந்த வெரோனாப் பட்டணத்தில் பதினோரு மணியானால் நான் பூங்காவில் ஒரு மரப் பெஞ்சில் உட்கார்ந்து, தகர டப்பாவைத் திறந்து அவித்த கடலை தின்பேன். பசியால் இல்லை. தின்னாமல் விட்டால் பன்னிரண்டு மணிக்குள் கை நடுங்கி, முதுகில் குளிர்ந்த வேர்வை ஊற்றி, கண்ணுக்கு முன்னால் மரங்கள் இரண்டு இரண்டாகப் போய்விடும். இப்படித் தின்னத் தொடங்கின முதல் வாரத்தில் நாய்க்குட்டியோடு வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி என் டப்பாவைப் பார்த்தாள், பக்கத்தில் நின்ற புறாக்களைப் பார்த்தாள், அப்புறம் அங்கே நட்டிருந்த பலகையைக் காட்டிக் கத்தத் தொடங்கினாள். புறாவுக்குத் தீனி போடக் கூடாதாம். நான் ஒரு கடலையை எடுத்து அவள் கண்ணுக்கு நேரே என் வாயில் போட்டு மென்று காட்டினேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். மனுஷி தின்கிற தீனி என்று ஒருத்தி தின்று காட்டித்தான் புரியவேண்டுமென்றால் அது என்ன படிப்போ, என்ன நாகரிகமோ.

ஆனால் ஒன்று சொல்லத்தான் வேண்டும். இந்த நாட்டில் வேண்டாம் என்று சொன்னால் அதோடு முடிந்தது. மகன் சேகர் வேலை செய்கிற சாப்பாட்டுக் கடைக்குப் போனால் முதலாளி ஒரு விரலளவு கோப்பையில் கறுப்பாக எதையோ நீட்டுவான். நின்றுகொண்டே ஒரு மடக்கில் குடிக்க வேண்டுமாம், மாட்டுக்கு மருந்து புகட்டுவது மாதிரி. நான் “நோ, கிராசியே” என்பேன். அவனும் சரி என்று கோப்பையைத் திருப்பி எடுத்துத் தானே குடித்துவிடுவான். ஏன் வேண்டாம், எங்கள் வீட்டுத் தண்ணி உங்களுக்கு இளப்பமா, உங்கள் ஆட்கள் எந்த வழி, ஒன்றும் கிடையாது. மரியாதை தெரியாத சனம் என்று முதலில் நினைத்தேன். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கும், என்னைப் போல இங்கே வந்து சேர்ந்தவர்களுக்கும் தெரியும், நம் பக்கம் ஒரு கோப்பைத் தேத்தண்ணியை வேண்டாம் என்பது லேசான காரியமில்லை. அதைச் சொல்லிவிட்டு நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

முதலில் இந்த வியாதியைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எவருக்கும் புரிவதில்லை. இங்கே வந்த மறு வருஷம் மார்க்கெட்டில் விழுந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் டாக்டர், வெறும் வயிற்றில் ஒரு பெரிய கிளாஸ் சீனித் தண்ணியைக் குடிக்கச் சொன்னாள். அப்புறம் ஐந்து மணி நேரம் உட்கார வைத்து, மணிக்கு மணி ரத்தம் எடுத்தாள். முதலில் சீனி சர்ரென்று ஏறியதாம். மூன்றாவது மணியில் தொடங்கின இடத்துக்கும் கீழே இறங்கிவிட்டதாம். ஒரு தாளை எடுத்து மலை மாதிரிக் கோடு போட்டு, ஏற்றத்தையும் பள்ளத்தையும் விரலால் தடவித் தடவிக் காட்டினாள். நாற்பது வருஷம் கூடையைக் கட்டிக்கொண்டு மலை ஏறி இறங்கினவளுக்கு மலையை வரைந்து காட்டுகிறாள்! வியாதிக்குப் பெயர் இப்போகிளிச்சேமியா ரியாத்தீவா. சேகர் தமிழில் சொன்னான். “அம்மா, நீங்க சீனி சாப்பிட்டா ஒங்க ஒடம்பு பயந்துபோயி, அத எறக்குற மருந்த அளவுக்கு மேல ஊத்திருதாம். அதனால சீனி தின்னா சீனி கொறையுமாம்.”

“அவளுக்குத்தான் மூளை கொறைஞ்சிருக்கு” என்றேன்.

ஆனால் அவள் சொன்ன மாதிரி இருந்து பார்த்தால் விழவில்லை. வெறும் இனிப்பு கூடாது. வெறும் மாவு கூடாது. முட்டை, பருப்பு, கடலை, மீன் என்று முன்னால் தின்றுவிட்டு, சோற்றைப் பின்னால் கொஞ்சமாகத் தின்ன வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை எதையாவது வாயில் போட வேண்டும். விழப்போகிற மாதிரி இருந்தால் மட்டும் கொஞ்சம் சீனி, உடனே அதன் மேல் கெட்டியான சாப்பாடு. இவ்வளவுதான். இதற்கு ஐந்து மணி நேரம் ரத்தம் எடுத்தார்கள்.

இதற்கு ஒரு கௌரவமும் இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். சீனி கூடுகிற வியாதி உள்ளவர்களைப் பாருங்கள். கல்யாண வீட்டில் நாலு பேர் கூடினால் “எனக்கு முன்னூறு”, “எனக்கு ஊசி போட்டாச்சு” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார்கள். அவர்களுக்குத் தனியாகச் சீனியில்லாத கோப்பை வரும். நான் “எனக்குச் சீனி குறைகிறது” என்றால் சிரிக்கிறார்கள். “அப்ப நல்லாச் சீனி சாப்பிடுங்களேன், ஒங்களுக்கென்ன” என்கிறார்கள். சாப்பிட்டால்தான் குறையும் என்றால் முகத்தைப் பார்த்து, கிழவிக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று தலையாட்டுகிறார்கள். கூடுகிற வியாதியைப் புரிந்துகொள்ள அறிவு வேண்டாம். குறைகிற வியாதிக்குக் கொஞ்சம் வேண்டும்.

இது புதிதாக வந்ததில்லை. இலங்கையில் கொடகவெலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து எடுத்த காலத்திலேயே இருந்தது. எட்டு மணிக்குக் கோதுமை மாவு ரொட்டி, உள்ளங்கையில் சீனியைக் கொட்டி நக்கிக்கொண்டே சாயத்தண்ணி. எல்லாருக்கும் அதுதான் காலைச் சாப்பாடு. எல்லாரும் மத்தியானம் கொழுந்து நிறுக்கிற வரைக்கும் நிற்பார்கள். எனக்கு மட்டும் பதினோரு மணிக்குக் கை நடுங்கும், நெஞ்சு அடிக்கும், பக்கத்தில் நிற்கிறவளை அடிக்கலாம் போலக் கோபம் வரும். கங்காணி நான் குடித்திருக்கிறேன் என்று சொன்னான். கோயில் பூசாரி, அஞ்சாம் நம்பர் மலை முனி பிடித்திருக்கிறது என்று திருநீறு போட்டான். தோட்டத்து டிஸ்பென்சரியில் வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சலுக்கும் அதுதான், கால் உடைந்தாலும் அதுதான். மூன்று பேரும் மூன்று பொய். முனிதான் அதில் கொஞ்சம் மரியாதையான பொய்.

என் பக்கத்துத் தேயிலை நெரையில் அஞ்சலை நிற்பாள். என்னைவிட ஆறு வயது இளையவள், கீழ் லயத்துக்காரி. நாங்கள் மேல் லயம், குடியானவர்கள். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டின கூலி வீடுகள், குடும்பத்துக்கு ஒரு காம்பரா. தோட்டம் அப்படித்தான் சாதி பார்த்துப் பிரித்துக் கட்டப்பட்டிருந்தது. மேலே இருக்கிறவர்கள் கீழே போய்ப் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டோம். கீழே இருக்கிறவர்கள் மேலே வந்தால் இஸ்தோப்புத் திண்ணையோடு நிற்பார்கள், உள் காம்பராவுக்கு வர மாட்டார்கள். ஆனால் மலையில் எனக்குக் கை நடுங்கும்போது என் நெரையையும் சேர்த்து எடுத்து என் கூடையில் போடுவது அஞ்சலைதான். அவள் எடுத்த கொழுந்தில் தீட்டில்லை, அவள் போத்தல் தண்ணியில்தான் தீட்டு. இப்போது எழுதும்போது எனக்கே அசிங்கமாக இருக்கிறது. அப்போது அது வெயில் மழை மாதிரி ஒரு சாதாரண விஷயம்.

ஒரு நாள் அந்தப் பதினோரு மணிக்கு நான் சுருண்டு விழுந்துவிட்டேன். கண் திறந்தபோது தலை அஞ்சலை மடியில் இருந்தது. போத்தல் மூடியில் இனிப்புச் சாயத்தண்ணியை ஊற்றி ஊற்றி என் வாயில் விட்டுக்கொண்டிருந்தாள். “மெதுவாக்கா, மெதுவா” என்றாள். எங்கள் லயத்துப் பெண் ஒருத்தி மேலே நின்று, “யாரு போத்தல்னு பாத்தீங்களா?” என்று கேட்டாள். நான் எழுந்தேன். கால் இன்னும் நிற்கவில்லை. அப்படியே தட்டுத் தடுமாறிப் தண்ணிப் பீலிக்குப் போய், நாற்பது பொம்பளைகள் பார்க்க, மூன்று தடவை வாய் கொப்புளித்துத் துப்பினேன். திரும்பிப் பார்த்தபோது அஞ்சலை போத்தலோடு நின்றுகொண்டிருந்தாள். மிச்சத்தை ஒரு தேயிலைச் செடியின் தூரில் ஊற்றினாள். போத்தலைப் பைக்குள் வைத்தாள். தன் நெரைக்குப் போனாள். அதற்குப் பிறகும் இருபத்தைந்து வருஷம் என் பக்கத்தில்தான் நின்றாள். சிரிப்பாள், பேசுவாள், அட்டை கடித்தால் சுண்ணாம்பு தருவாள். குடிக்க மட்டும் ஒன்றும் நீட்டினதில்லை.

இனி என் மகன் கதை. சேகருக்கு முப்பத்தாறு வயது. எட்டு வருஷமாகப் பெண் பார்க்கிறேன், எல்லாவற்றையும் தட்டிவிடுகிறான். போன வருஷம் ஒரு நாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான், அஞ்சலையின் மகள் மலரைத்தான் கட்டுவானாம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். அவள் இப்போது அங்கேயே ரீச்சர். எட்டு வருஷமாகப் போனில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குப் பயந்து சொல்லவில்லையாம்.

“நான் என்ன பேயா, பயப்பட?” என்றேன்.

“நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்கம்மா. மூஞ்சில காட்டுவீங்க. மலரோட அம்மா ஒரே வார்த்தைதான் சொல்றாங்க. ‘ஒங்க அம்மா வந்து எங்க வீட்டுக்குள்ள உக்காந்து கேக்கட்டும்.’ வேற ஆள அனுப்பினா வாசலோட திருப்பி விட்டுருவாங்களாம்.”

மூன்று நாள் அவனோடு பேசவில்லை. நாலாம் நாள் டிக்கெட் போடச் சொன்னேன். இங்கே எங்கள் இரண்டு பேருக்கும் வேறு ஆள் கிடையாது. நான் கண்ணை மூடினால் இந்தப் பையன் சமையல் கட்டில் நின்றே கிழவனாகிவிடுவான். அதற்கு முன்னால் என் மூஞ்சிக்கு என்ன பெரிய விலை.

மேல் லயத்தில் தம்பி வீட்டில்தான் இறங்கினேன். இறங்கின நாள் முதல் தேத்தண்ணிச் சண்டைதான். ஒவ்வொரு காம்பராவிலும் கோப்பையில் பாதிக்குச் சீனி போட்டு நீட்டுகிறார்கள். வேண்டாம் என்றால் வெளிநாட்டுத் திமிர் என்கிறார்கள். தம்பி மனைவி என் பைக்குள் எனக்குத் தெரியாமல் டொபி போட்டு வைப்பாள். “கொறையுதுன்னீங்களே மதினி, சூப்பிக்கிங்க.” நல்ல மனசு, காய்ந்த மூளை. நான் அவித்த கடலை தின்பதைப் பார்த்து, “இத்தாலிக்குப் போயும் மாட்டுத் தீனியா?” என்று பக்கத்துக் காம்பராவரைக்கும் கேட்கிற மாதிரி சிரித்தாள்.

நான் எதற்கு வந்தேன் என்று சொன்னபோது சிரிப்பு நின்றது. தம்பி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தான். “நீங்க போறதுன்னா போங்க அக்கா. நாங்க வரல. எங்களுக்கு இங்க வாழணும்” என்றான். எனக்கு அங்கே வாழ வேண்டாமாம், ஆகவே நான் போகலாம். நான் கீழே போகிற அன்று காலையில் தம்பி மனைவி எனக்குத் தின்ன ஒன்றும் போடவில்லை. அடுப்பில் பருப்பு கொதிக்கிறது, சட்டியை மூடி வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். கேட்டு வாங்கித் தின்ன எனக்கு வாய் வரவில்லை. கடலை டப்பா என் பெட்டியில் இருந்தது. அதை எடுத்துப் பைக்குள் வைத்தேன், திரும்ப எடுத்துவிட்டேன். எங்கள் ஆட்கள் கீழ் லயத்துக் கல்யாணத்துக்குப் போனால் அப்படித்தான், சொந்தச் சாப்பாட்டையும் தண்ணியையும் கட்டிக்கொண்டு போவார்கள். பெண் கேட்கப் போகிறவள் டப்பாவோடு போனால் அதைவிடக் கேவலமில்லை. வெறும் வயிற்றோடு, சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஐம்பது வருஷம் பார்த்தும் உள்ளே நுழையாத அந்த லயத்துக்கு இறங்கினேன்.

ஏழாம் காம்பரா. சீமெந்து பூசி, டைல் போட்டு, எங்கள் மேல் லயத்தைவிடச் சுத்தமாக இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அஞ்சலைக்குத் தலை முழுக்க வெள்ளை. “வாங்கக்கா” என்றாள், எழுந்திருக்கவில்லை. உள் காம்பராவில் நாற்காலி போட்டிருந்தார்கள். உட்கார்ந்தேன். வாசலில் அந்த லயமே கூடி நின்றது. மலர் பூப்போட்ட கோப்பையில் பால் தேத்தண்ணி, தட்டில் கேக், வாழைப்பழம் எல்லாம் கொண்டுவந்தாள். நிமிர்ந்த பெண். ஆவியிலேயே சீனி மணத்தது. வெறும் வயிற்றில் அது போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மூன்று வருஷமாகப் பழகிப்போன வாய் தானாக, “வேணாம்மா” என்று சொல்லிவிட்டது.

அஞ்சலை தலையைத் திருப்பாமலே சொன்னாள், “மலரு, வெளிய சொம்புல தண்ணி வச்சிரு. அக்கா வாய் கொப்புளிக்கணும்னா தேடித் திரியக் கூடாது.”

நாற்பது வருஷத்துப் பேச்சு. ஒரு வார்த்தை தேயாமல் வைத்திருந்தாள்.

“அதில்ல அஞ்சல, எனக்கு ஒடம்புக்கு ஆகாது. சீனி தின்னா எனக்குக் கொறைஞ்சிரும்” என்றேன்.

“சீனி தின்னா கூடும், எங்கயாச்சும் கொறையுமா?” என்று வாசலில் ஒருத்தி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருத்தி, “போன தடவ மேல் லயத்து அம்மா ஒருத்தவங்க வந்தாங்க, அவங்களுக்கு விரதம். அதுக்கு முந்தி ஒருத்தவங்க இப்பத்தான் குடிச்சிட்டு வந்தாங்க. இவங்களுக்கு இத்தாலி வியாதி” என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. வயிறு சரியில்லை, விரதம், இப்போதுதான் குடித்தேன், வெற்றிலை போட்டிருக்கிறேன் என்று மூன்று தலைமுறையாக எங்கள் ஆட்கள் அந்த வாசலில் நின்று சொன்ன பொய்கள் எத்தனை. நானே சொல்லியிருக்கிறேன். இப்போது ஒரு உண்மையைத் தூக்கிக்கொண்டு போனால் அதுவும் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. இத்தாலி டாக்டர் போட்ட மலைப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள். நம்ப வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

கோப்பையை எடுத்தேன். குடித்தேன். இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தேன். கேக்கையும் தின்றேன். அப்புறம், “சேகருக்கு மலரக் கேட்டு வந்திருக்கேன்” என்றேன்.

அஞ்சலை அதைக் கேளாத மாதிரி பேச்சை மாற்றினாள். காட்டுப்பன்றி மரவள்ளியைத் தோண்டுவதைப் பற்றிப் பேசினாள். எங்கள் செட்டுப் பொம்பளைகளில் யார் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று ஒவ்வொருத்தியாகச் சொன்னாள். எனக்குப் பின்னால் சுவரில் மணிக்கூடு அடித்துக்கொண்டிருந்தது. வெளியே மழை இறங்கியது, எங்கள் ரத்தினபுரி மழை, பேசினால் கேட்காது. என்னை உட்கார வைத்துக் காத்திருக்க வைக்கிறாள் என்று தெரிந்தது. எழுந்து போக நினைத்தேன். போனால் சேகருக்கு என்ன சொல்வது? உட்கார்ந்திருந்தேன்.

இரண்டரை மணி நேரம் கழித்து வந்தது. முதலில் விரல் நுனி. அப்புறம் முதுகு நனைந்தது. அஞ்சலையின் வாய் அசைகிறது, சத்தம் தூரத்தில் கேட்கிறது. மடியில் கைகளை அழுத்திப் பிடித்து மறைக்கப் பார்த்தேன். அவள் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“மலரு, அக்காவுக்குப் பதினோரு மணி வந்திருச்சி” என்றாள். மணி அப்போது ஒன்றைத் தாண்டிவிட்டது. ஆனால் அவளிடம் அதற்கு அதுதான் பெயர். நாற்பது வருஷமாக என் வியாதிக்கு ஒரு பெயர் வைத்திருந்தாள், என்னிடம் சொல்லவில்லை.

யாரோ ஒருத்தி கை நிறையச் சீனியை அள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். அஞ்சலை தட்டிவிட்டாள். “அம்புட்டும் போடாத! ஏத்திவிட்டு, ஒரு மணி நேரத்துல திரும்ப எறக்கிரும். நான் பாக்காததா? ரொட்டியும் சீனியும் தின்ன அன்னைக்கி விழுவாங்க. கருவாடும் பருப்பும் கொண்டாந்த அன்னைக்கி அந்திவரைக்கும் நிப்பாங்க.” ஒரு கரண்டிச் சீனி மட்டும் என் நாக்கில் வைக்கச் சொன்னாள். மலர் வைத்தாள். பின்னாலேயே சோறு வந்தது. அஞ்சலை பருப்பையும் கருவாட்டுக் குழம்பையும் விட்டுப் பிசைந்து, ஒரு முட்டையை உடைத்து வைத்து, ஒரு கவளம் எடுத்து என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். கொண்டுவந்து நிறுத்தினாள்.

“கேளுங்கக்கா.”

“போடுடி.”

“போடுடி இல்ல. கேளுங்க.”

எனக்கு எழுபத்தொரு வயது. புருஷனிடம் கூடக் கேட்டு வாங்கித் தின்றதில்லை. அந்தக் கை அசையாமல் அங்கேயே நின்றது. கருவாட்டு வாசனை மூக்கில் ஏறுகிறது, உடம்பு முழுக்க அதற்காக ஆடுகிறது. வாசலில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

“குடு அஞ்சல. பசிக்குது” என்றேன்.

கொடுத்தாள். தட்டு காலியாகும்வரை அவள் கையாலேயே தின்றேன். கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது, கை நின்றது. மழையும் கொஞ்சம் விட்டது. அப்போதுதான் பார்த்தேன், வாசற்படியில் சொம்பும் தண்ணியும் அப்படியே இருக்கிறது. சாப்பிட்டால் மனுஷன் வாய் கொப்புளிப்பான், அது எந்தச் சாதிக்கும் பொது. பல்லுக்குள் கருவாட்டு முள் ஒன்று குத்திக்கொண்டு நிற்கிறது, நாக்கு அதையே போய்ப் போய்த் தடவுகிறது. ஒருத்தரும் சொம்பைப் பார்க்கவில்லை, எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் சீலைத் தலைப்பால் உதட்டைத் துடைத்துக்கொண்டேன். எழுந்திருக்கவில்லை.

“வெத்தல இருந்தா ஒண்ணு குடு” என்றேன்.

“வெத்தல மாத்துறதுக்கு இன்னும் நாளிருக்குக்கா” என்றாள் அஞ்சலை. “நீங்க மயக்கத்துல கேட்டீங்க, மயக்கத்துல சாப்பிட்டீங்க. அன்னைக்கும் மயக்கத்துலதான் குடிச்சீங்க. இப்ப தெளிஞ்சிருச்சில்ல? இப்பக் கேளுங்க.”

“என் மகனுக்கு ஒன் மகளக் குடு.”

“யோசிச்சிட்டுச் சொல்றோம்” என்றாள். எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நம் வழக்கப்படி கேட்கப் போனவர்கள் கை நனைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று அர்த்தம். இவள் சோற்றையும் ஊட்டிவிட்டு யோசிக்கிறாளாம்! பாதி வழி ஏறுகிற வரைக்கும் அவளைத் திட்டிக்கொண்டே போனேன். அதற்கு மேல் திட்ட வார்த்தை வரவில்லை. அவள் இடத்தில் நானாக இருந்தால் அந்தச் சொம்பை எடுத்து வந்தவள் தலையில் கவிழ்த்திருப்பேன். அவள் ஒரு கவளத்தை அரை நிமிஷம் நிறுத்திப் பிடித்ததோடு விட்டுவிட்டாள். சிறுமைக்குக் கூட ஒரு அளவு வைத்திருந்தாள்.

தம்பி வீட்டுக்கு நான் போகும் முன்னாலேயே செய்தி போய்விட்டது. தம்பி மனைவி வாசலில் வாளியோடு நின்றாள். “குளிச்சிட்டு உள்ள வாங்க மதினி.” குளிக்காமலே உள்ளே போய்ப் பெட்டியை எடுத்தேன். “இனிமே தோட்டத்துக்கு வந்தா எங்க காம்பராவுல எறங்காதீங்க” என்றாள். “நீ மூடி வச்ச பருப்புச் சட்டிய நல்லாக் கழுவிக்க, புளிச்சிரும்” என்று சொல்லிவிட்டு இறங்கினேன். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அவன் சின்ன வயதிலும் அப்படித்தான், மழை பெய்தால் மழை பெய்கிறது என்று கூடச் சொல்ல மாட்டான். கொடகவெல டவுனில் பழக்கமான ஒரு சாய்புக் கடைக்காரர் வீட்டில் விமானம் ஏறும்வரை தங்கினேன். அவர் மனைவி முதல் நாளே தேத்தண்ணி கொண்டுவந்தாள். எனக்குச் சீனி ஆகாது என்றேன். “சரி ராத்தா” என்று முட்டை அவித்துத் தந்தாள். அவ்வளவுதான். நம் தீவில் நானூறு அடி இறங்கினால் ஒரு சட்டம், நாலு மைல் போனால் இன்னொரு சட்டம்.

இங்கே வந்ததும் ஆஸ்பத்திரியில் டாக்டர் பெண் என் சீனிக் கணக்கைப் பார்த்துவிட்டு, ஊரில் விழுந்தீர்களா என்று கேட்டாள். ஒரு தடவை விழப்போனேன், ஆனால் அஞ்சலை பார்த்துக்கொண்டாள், முதலில் ஒரு கரண்டிச் சீனி, பிறகு மீனும் முட்டையும் என்றேன். சேகர் மொழிபெயர்த்தான். டாக்டர் பெரிய சந்தோஷத்தோடு, சரியான வைத்தியம், சிஞ்ஞோரா அஞ்சலை எந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறார் என்று கேட்டு எழுதப் பேனாவை எடுத்தாள். அஞ்சாம் நம்பர் மலை என்று சொல்லச் சொன்னேன். அவளும் எழுதிக்கொண்டாள்.

யோசிக்க அஞ்சலைக்கு மூன்று மாதம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் வந்தாள். கல்யாணம் தோட்டத்துக் கோயிலில், சாப்பாடு கீழ் லயத்து வாசலில், இலை போட்டு எல்லாரும் ஒரே பந்தி, சம்மதமா என்று கேட்டாள். சம்மதம் என்றேன். எனக்கு மட்டும் முதலில் பருப்பும் மீனும் வைப்பதாகவும், பாயாசத்தைக் கண்ணில் காட்டுவதில்லை என்றும் சொன்னாள். சேகர் அடுப்படிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

போன வாரம் கல்யாணப் பத்திரிகை விஷயமாக எம்பிலிப்பிட்டிய அச்சுக்கடையில் இருந்து அஞ்சலை மறுபடி கூப்பிட்டாள். மணமகன் இல்லம் என்று ஒரு விலாசம் போட வேண்டுமாம். தம்பி தன் காம்பரா நம்பரைப் போடக் கூடாது என்று ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறான். இத்தாலி விலாசத்தைப் போடலாமா என்று கேட்டாள். நான் இருந்த இடத்திலிருந்து கதவைப் பார்த்தேன். கீழே தெருக் கதவில் எங்கள் வீட்டு அழைப்பு மணியில் இன்னமும் முன்பு குடியிருந்து செத்துப்போன ஒரு கிழவனின் பெயர்தான் இருக்கிறது. வீட்டுக்காரன் மூன்று வருஷமாக மாற்றுகிறேன், மாற்றுகிறேன் என்கிறான். எங்களைத் தேடி வருகிறவர்கள் அந்தக் கிழவன் பெயரைத்தான் அழுத்த வேண்டும்.

“அது எங்க வெலாசம் இல்ல” என்றேன்.

“அப்ப என்னா போடுறது? இந்த ஆளு நிக்கிறாரு.”

“ஒன்னோடதையே போடு.”

“ரெண்டு பக்கமுமா?”

“ரெண்டு பக்கமுந்தான்.”

அஞ்சலை போனைக் கையால் பொத்திக்கொண்டு அச்சுக்காரரிடம் சிங்களத்தில் என்னவோ சொன்னாள். அவர் பெரிதாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது. நேற்று சேகரின் போனுக்குப் பத்திரிகையின் படம் வந்தது. அந்தப் பொடி எழுத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து வாசித்தேன். மணமகள் இல்லம், கீழ் லயம், ஏழாம் காம்பரா. மணமகன் இல்லம், கீழ் லயம், ஏழாம் காம்பரா.